நிபந்தனைகளுக்கு உட்பட்டு

பார்சல் ஆபீசில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பரக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். விலாசம் அரைகுறையாக ஒரு பொட்டலம் வந்தால் போதும், வண்டிக்காரர்கள் அதை அவள் மேஜையில் போட்டுவிட்டுக் கழன்றுகொள்வார்கள். அவளும் அலுத்துக்கொள்ளாமல் கம்ப்யூட்டரை ஒரு தட்டு தட்டி, "இது முப்பத்தாறாவது சந்து. தண்ணித் தொட்டிக்கு எதிர்ல மூணாவது கதவு" என்று சொல்லிவிடுவாள். அத்தனையும் அவள் தலைக்குள் இருக்கிறது என்று ஆபீசே நம்பிக்கொண்டிருந்தது. தலைக்குள் ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் மேப்பில் இருந்தது.

அந்த மேட்டுக் குடியிருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் பட்டறையின் பின்சுவரை ஒட்டி ஏறுகிற சரிவு. நூற்றாறு சந்து, ஆறாயிரம் வீட்டுக்குப் பக்கம். வீடுகளுக்கு நம்பர் கொடுத்த மகராசன் வரிசையாகக் கொடுக்கவில்லை. எந்த வீடு எந்த நாள் வரிப் பதிவேட்டில் ஏறியதோ அந்தக் கிரமத்தில் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அதனால் பதினாலாம் நம்பருக்குப் பக்கத்து வீடு எண்ணூற்று எழுபத்தொன்று. அதற்கடுத்தது முப்பது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் தன் வீட்டு நம்பர் தெரியுமே தவிர எதிர்வீட்டு நம்பர் தெரியாது.

நம்பரக்காவின் தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அவன் ஸ்டேஷனில் நாலு வண்டி. ஒவ்வொரு வண்டியிலும் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு போனைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் போனில் இருக்கிற மேப், உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் சும்மா வரைந்து போடுகிற மேப். யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். மேட்டுக் குடியிருப்பு அதில் ஒரு காலத்தில் வெறும் சாம்பல் திட்டாக இருந்தது. அந்தத் திட்டுக்குள் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கத் தம்பிக்குக் கால்மணி நேரம், இருபது நிமிஷம் ஆகும். ஆள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது இருபது நிமிஷம் என்பது என்ன என்று அவனைக் கேட்டால் சொல்ல மாட்டான், எழுந்து வெளியே போய்விடுவான்.

அதைப் பார்த்துத்தான் அக்கா வரைய ஆரம்பித்தாள். முதலில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய்க் குறித்தாள். அப்படி நடந்தால் முடிய ஆயுசு போதாது என்று தெரிந்த சமயம், நில அளவைத் துறை தன் வெப்சைட்டில் எல்லாக் கதவு நம்பரையும் இடத்தோடு சேர்த்துப் போட்டது. மேலே கொட்டை எழுத்தில் 'மக்களுக்கான திறந்த தரவு'. கீழே ஒரு பச்சைப் பொத்தான். அவள் பொத்தானை அழுத்தினாள். பதினொரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்தக் கோப்பைப் பக்குவப்படுத்தி, ஐயாயிரத்து எண்ணூறு கதவுகளை மேப்பில் ஏற்றினாள். அதன் பிறகு மறுபடி தெருவில் இறங்கி, துறை விட்டுவிட்ட கதவுகளைச் சேர்த்தாள், தவறாக நின்ற புள்ளிகளை நகர்த்தினாள். இரண்டு வருஷம் ஓடியது. தம்பியின் வண்டி ஆறு நிமிஷத்தில் வாசலில் போய் நின்றது.

இந்த இடத்தில் அவள் செய்த ஒரு கோணல் வேலையையும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து மொத்தமாகத் தரவை ஏற்றினால் அதற்கென்று தனி அக்கவுண்ட் திறந்து ஏற்ற வேண்டும், ஒவ்வொரு புள்ளியிலும் எங்கிருந்து எடுத்தது என்று எழுத வேண்டும் என்பது மேப் வரைகிறவர்கள் கூட்டத்தின் விதி. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் எத்தனை புள்ளி வைத்தார்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. தனி அக்கவுண்டில் ஏற்றினால் எண்ணிக்கை அந்தப் பெயருக்குப் போய்விடும். அவளுக்கு அதில் மனசு வரவில்லை. தன் பெயரிலேயே ஏற்றினாள். எங்கிருந்து என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். பட்டியலில் பதினாறாவது இடத்துக்கு வந்தாள். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனும், "பதினாறாவதா? பலே!" என்று பெரிய மனசோடு சொல்லி வைத்தான்.

உரிமக்காரரின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. உரிமக்காரர் என்பது கூட்டத்தார் வைத்த பெயர். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யார் எந்தத் தரவை எந்த உரிமத்தின் கீழ் எடுத்தார்கள் என்று சரிபார்ப்பதை, சம்பளமில்லாமல், இன்னொரு வேலையாக வைத்திருந்தார். நேரில் யாரும் பார்த்ததில்லை. கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. மேட்டுக் குடியிருப்பின் கதவு நம்பர்கள் அரசுத் தரவுபோல் தெரிகின்றன, அந்தத் தரவின் உரிமம் நம் மேப்பின் உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை, முப்பது நாளில் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கினால் நல்லது, இல்லாவிட்டால் நீக்க வேண்டியிருக்கும்.

அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். வெப்சைட்டைத் திறந்தாள். பச்சைப் பொத்தானைத் தாண்டி, அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் 'நிபந்தனைகள்' என்று ஒரு இணைப்பு இருந்தது. இரண்டு வருஷத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. யார்தான் தொடுவார்கள்?

சாயங்காலம் தம்பி வந்தான். "எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே, உன் மேப்புக்கு எதுக்கு லைசென்ஸு?" என்றான். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

"தொறந்த டேட்டான்னு அவங்களே போட்டிருக்காங்க இல்ல?"

"போட்டிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி குடுக்கறார்னு வச்சுக்கோ. தாராளமா ஏறிக்கோ, ஆனா யார் ஏறினாலும் ஏறும்போது என் பேரைச் சொல்லணும், எப்ப வேணா நான் வேற கண்டிஷன் போடுவேன், அதுக்கும் கட்டுப்படணும்னு சொல்றார். நான் போய் அதைப் பொதுக் கூடத்துல வச்சு, யார் வேணா எடுத்துக்கோங்க, யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு எழுதிட்டு வந்துட்டேன்."

"பேரைச் சொல்லிட்டாப் போச்சு."

"மேப்புக்குன்னு ஒரே பக்கத்துல எல்லார் பேரையும் போடலாம்டா. படம் காட்டற ஒவ்வொரு இடத்துலயும், எடுக்கறவன் ஒவ்வொருத்தனும் போடணும்னு அவங்க எழுதி வச்சிருக்காங்க. அப்படி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம்னு மேப் எழுதி வச்சிருக்கு. ரெண்டும் ஒட்டாது."

"அப்ப எழுதி வாங்கிடு. அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றான்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். யாருக்கும் நஷ்டமில்லாத காரியம்தான் அரசு அலுவலகத்தில் நகரவே நகராது என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

நில அளவைத் துறையின் துணை இயக்குநர் தங்கமான மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இந்தக் கதையில் திட்ட ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருப்போம். இரண்டாம் மாடியில், இரும்பு பீரோக்களுக்கு நடுவில், ஜன்னலை மறைத்து அடுக்கிய வரைபடச் சுருள்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் வந்த விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க டேட்டாவை வச்சு ஆம்புலன்ஸ் போகுதா? நெஜமாவா? உக்காருங்கம்மா, உக்காருங்க." கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க, இதுவரைக்கும் இருநூத்திப் பன்னெண்டு பேர் டவுன்லோடு பண்ணியிருக்காங்க. அதுல ஒரு நாப்பது நான்தான், வேலை செய்யுதான்னு பார்க்க."

அவள் உரிமக்காரர் அனுப்பிய அனுமதிக் கடித மாதிரியை நீட்டினாள். நாலே வரி. இந்தத் தரவை மேப்பில் சேர்ப்பதற்கும், அந்த மேப்பின் உரிமத்தின் கீழ் விநியோகிப்பதற்கும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, மூலப் பட்டியலில் துறையின் பெயர் இருந்தால் போதும். கீழே ஒரு கையெழுத்து.

"எடுத்துக்கோங்கன்னுதானே போட்டிருக்கோம். தனியா எழுத எதுக்கும்மா?"

"நீங்க வாயால சொல்றது எனக்குப் போதும் சார். அவங்களுக்கு எழுத்துல வேணும்."

அவர் நாலு வரியையும் நாலு தரம் படித்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். "டேட்டா என்னோடது. ஆனா கண்டிஷன் சட்டப் பிரிவோடது. அவங்களை ஒரு வார்த்தை கேட்டுடறேன். நாளைக்கே முடிச்சுடலாம்."

அந்த 'நாளைக்கே' பதினெட்டு நாளாக நீண்டது. பார்சல் ஆபீசில் அரைநாள் அரைநாளாக விடுப்பு எடுத்து அவள் படியேறினாள். மூன்றாம் மாடியில் சட்டப் பிரிவு. அங்கே இருந்த அம்மாள், "இந்த வாசகத்தை நாங்க எழுதலை. எல்லாத் துறைக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு ஒரு குழு எழுதிக் குடுத்தது. அவங்கதான் மாத்தணும்" என்றாள்.

"அந்தக் குழுவை எங்கே பார்க்கறதும்மா?"

"எழுதி முடிச்சதும் கலைஞ்சுடுச்சே."

அதை அவள் எகத்தாளமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். படியில் இறங்கும்போது நம்பரக்காவுக்குச் சிரிப்பு வந்தது, நடுப்படியில் அதுவே அழுகையானது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஏறி வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.

இதற்கிடையே உரிமக்காரர் ஒரு வழி சொன்னார். "நீங்க தெருவுல நடந்து நேர்ல பார்த்துப் போட்ட கதவுகள் இருக்கு இல்லம்மா? அது உங்க சொந்த உழைப்பு. அதை நீக்க வேண்டியதில்லை. எதெதுன்னு பிரிச்சுக் காட்டிடுங்க."

பிரிக்க முடியவில்லை. ஒரே அக்கவுண்ட், காலிக் கட்டம். பழைய கோப்பைக் கையில் வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை. வெப்சைட்டில் வருஷா வருஷம் புதுக் கோப்பை அதே இடத்தில் போட்டுப் பழசை எடுத்துவிடுகிறார்கள். புதியதில் அவள் நடந்து கண்டுபிடித்த கதவுகளும் இருந்தன. நோட்டில் குறித்தாளா என்றால், போனிலேயே தட்டிவிட்டு வந்தவள்தான். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை, காலில் கொப்புளம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளை, பதினாறாவது இடத்துக்கு ஆசைப்பட்டுத் தானே கொண்டுபோய்க் கலந்துவிட்டாள். பாலில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனி எந்தச் சொட்டு எது என்று யார் சொல்வது? தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள், நிஜமாகவே.

இருபத்தேழாம் நாள் கடிதம் வந்தது. பார்சல் ஆபீசுக்கே வந்தது, துறையின் முத்திரையோடு. உறையைக் கிழித்த வேகத்தில் கடிதத்தின் ஓரமும் கொஞ்சம் கிழிந்தது. 'மேற்படி தரவினைத் தாங்கள் குறிப்பிடும் வரைபடத்தில் பயன்படுத்துவதில் இத்துறைக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.' அவள் "வந்துடுச்சு!" என்று கத்தினாள். வண்டிக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவன் பொட்டலத்தின் மேல் தாளம் போட்டான். கைதட்டல் ஓய்வதற்குள் அவள் அடுத்த வரியைப் படித்துவிட்டாள். 'எமது இணையதளத்தில் வெளியிடப்பட்டுள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டு.'

அதாவது, முதலில் என்ன இருந்ததோ அதேதான், இப்போது கையெழுத்தோடு.

துணை இயக்குநரே போன் செய்தார். "கெடைச்சுதா அம்மா? மூணு தடவை மேல போய் நின்னு வாங்கினேன். கடைசியில ஒரு வரி சேர்த்தாத்தான் விடுவோம்னுட்டாங்க. ஒரு வரிதானே, சேர்த்துக்கோங்கன்னுட்டேன். இப்ப சந்தோஷமா?"

மனுஷர் தனக்காக மாடி ஏறி இறங்கியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் எல்லாமே என்று இப்போது அவருக்கு எப்படிச் சொல்வது? "ரொம்ப நன்றி சார்" என்றாள்.

உரிமக்காரரிடம்தான் அவள் வெடித்தாள். "அதை வச்சு ஆம்புலன்ஸ் போகுது சார்! உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

மறுமுனையில் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. அது ஓயும்வரை அவர் பேசவில்லை. "புரியுதும்மா. ராத்திரியெல்லாம் அதையேதான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா உங்க ஆம்புலன்சுக்காக இதை விட்டா, அடுத்தவங்க ஸ்கூல் பஸ்சுக்காக இன்னொண்ணைச் சேர்ப்பாங்க. எவனாவது ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனா, மொத்த மேப்பையும் நிறுத்த வேண்டி வரும். அதை நம்பி எத்தனை ஊர்ல எத்தனை ஆம்புலன்ஸ் ஓடுதுன்னு எனக்குத் தெரியும்மா."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். தப்பாகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பாள்.

"நீங்க எடுக்க வேண்டாம். நானே எடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிடாமல் உட்கார்ந்தாள். புரோகிராம் கேட்டது, இத்தனை புள்ளிகளையும் நீக்கவா, உறுதியாகவா? ஆம் என்றாள். முதல் சந்திலிருந்து நம்பர்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு போயின. சந்துகள் இருந்தன, வீடுகளின் கட்டம் இருந்தது, ஒன்றிலும் நம்பர் இல்லை. முடிய நாற்பது நிமிஷம் ஆனது. முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி கேட்டான், "அந்தக் கோப்பை எங்களுக்குத் தனியாக் குடுத்தா? மேப்புல சேர்க்காம?"

அதில் தடை ஒன்றுமில்லை. நேராக எடுத்து, துறையின் பெயரைப் போட்டு, அவர்களே பயன்படுத்தலாம். திங்கட்கிழமை ஸ்டேஷன் பொறுப்பாளரைப் பார்த்தார்கள். வண்டிப் போன்களில் எதைப் போடுவதானாலும் தலைமையகம் ஒப்புதல் தர வேண்டும் என்றார், மனு வாங்கி வைத்துக்கொண்டார். "சரி, உன் சொந்த போன்லயாவது போட்டுத் தரேன். அடுத்த ஞாயிறு வா" என்று தம்பியிடம் சொன்னாள். வேலை கொஞ்சம் இருந்தது. துறை இடத்தைக் குறிப்பது போனுக்குப் புரிகிற கணக்கில் இல்லை. எங்கோ நட்ட ஒரு கல்லிலிருந்து இத்தனை மீட்டர் கிழக்கு, இத்தனை மீட்டர் வடக்கு என்று அவர்களுக்கென்று ஒரு கணக்கு. அதை மாற்றுகிற புரோகிராம் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு போன் அடித்தது.

"அக்கா, ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினேழு. எந்தச் சந்து?" பின்னால் சைரன். "வண்டி போன்ல இல்லைங்குது."

"யாரையாவது வெளியில வந்து நிக்கச் சொல்லு!"

"அந்தம்மா ஒருத்திதான் இருக்காங்களாம். புருஷன் விழுந்துட்டார், தலையை மடியில வச்சிருக்கேன், எழுந்திருக்க முடியலைன்னாங்களாம். லைன் கட்டாயிடுச்சு, திரும்பக் கூப்பிட்டா எடுக்கலை."

ரெண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு. அந்தக் கதவு முன்னால் அவள் நின்றிருக்கிறாள். துறை விட்டுவிட்ட கதவு அது, தானேதான் சேர்த்தாள், அது நன்றாக நினைவிருந்தது. எந்தச் சந்து என்பதுதான் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் துறையின் வெப்சைட்டைத் திறந்தாள். பச்சைப் பொத்தான். கோப்பு இறங்கியது. தேடினாள். இருந்தது. ரெண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு, பக்கத்தில் இரண்டு நீள எண்கள்.

"எழுதிக்கோடா" என்று படித்தாள்.

அடுத்த நிமிஷம் அவன் குரல் வந்தது. "கடல்ல காட்டுதுக்கா."

அந்தப் புரோகிராமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கப் பார்த்தாள். நிர்வாகியின் அனுமதி தேவை என்றது. வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம். "இருடா, இருடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எதற்கு இருக்கச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் போனை வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். மூச்சு இரைப்பது கேட்டது. கதவு தட்டுவது கேட்டது. "ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினேழு எதுங்க?" "இது நாப்பத்தொண்ணு தம்பி." அடுத்த கதவு. "ஆள் பேர் சொல்லுங்க, பேர் சொன்னாத் தெரியும்." "பேர் தெரியாதுங்க!" அடுத்த கதவு. பார்சல் ஆபீசில் ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டு அவள் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். யாருக்கும் அந்த வீடு தெரியவில்லை. இருபத்து மூன்று நிமிஷம் அவள் கதவு தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பெண் குரல் தூரத்தில் கேட்டது, தம்பி போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் அவள் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் போகும்போதே உயிர் இல்லைக்கா" என்றான். "அந்தம்மா அழக்கூட இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டாங்க. போன வருஷம் இவருக்கு மூச்சு முட்டினப்போ வந்த வண்டி நேரா வாசல்ல வந்து நின்னுச்சே, இப்ப ஏன் தம்பி இவ்வளவு நேரம்னு."

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் என்னக்கா சொல்லியிருக்கணும்?"

யாரைக் குற்றம் சொல்வது என்று அவளும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். துணை இயக்குநர், மூன்றாம் மாடி அம்மாள், பள்ளிக்கூடத்து மணிக்குப் பேச்சை நிறுத்திய வாத்தியார், கலைந்துபோன குழு. அப்புறம் தன்னை. அந்தம்மாளிடம் போய்ச் சொல்லக்கூடிய மாதிரி அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. "தெரியலைடா" என்றாள்.